கல்லும் கனிமமும்: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குப் பாறை, கனிமம் பற்றிச் சொல்லித் தர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கற்கள், யாழ்ப்பாணத்துக் கல்லும் கொஞ்சம். பதில்கள் முழுக்க ஓடும் எண்ணம் ஒன்றுதான்: கல் முதலில் கைக்கு வரட்டும், பெயர் பிறகு வரட்டும்.

எங்கிருந்து தொடங்குவது? எரிமலையிலிருந்தா?

வேண்டாம். எரிமலைப் படம் பார்க்க நன்றாக இருக்கும், பிள்ளைகளும் கத்துவார்கள். ஆனால் வகுப்பு முடிந்து வெளியே போனால் காலடியில் கிடக்கும் ஜல்லிக்கும் அந்தப் படத்துக்கும் ஒரு தொடர்பும் இருக்காது.

ஆளுக்கொரு கல் கொண்டு வரச் சொல்லுங்கள், உள்ளங்கையில் அடங்கும் அளவில். வந்ததும் பத்து நிமிடம் அதைப் பார்க்க, தடவ, மோந்து பார்க்க விடுங்கள். அப்புறம் எல்லாக் கற்களையும் ஒரு துணியில் கொட்டிக் கலந்து, அவரவர் கல்லை அவரவர் தேடி எடுக்க வேண்டும். எடுத்தவரிடம் ஒரே கேள்வி: "இது உன் கல்லுன்னு எப்படிச் சொல்ற?" "ஓரத்துல வெள்ளைக் கோடு இருக்கு", "இதுல மினுமினுன்னு இருக்கு", "மத்ததைவிட கனம்" என்று பதில் வரும். நிறம், மிளிர்வு, எடை, துகளின் அளவு எல்லாம் அவர்கள் வாயிலேயே வந்துவிடும்.

அஞ்சாங்கல் ஆடும் பிள்ளை இருந்தால் அவளைப் பேச விடுங்கள். எந்தக் கல் ஆட்டத்துக்கு ஆகும், எது ஆகாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மழமழப்பாக வேண்டும், ஐந்தும் ஒரே எடையாக வேண்டும், முனை குத்தக் கூடாது. வகைப்படுத்துதல் என்று பாடத்திட்டம் சொல்வதை அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள்.

பாறைக்கும் கனிமத்துக்கும் என்ன வித்தியாசம்? எளிதாகச் சொல்ல முடியவில்லை.

மிக்சர் பொட்டலத்தைப் பிரியுங்கள். உள்ளே கடலை, பூந்தி, ஓமப்பொடி, கறிவேப்பிலை. மிக்சர்தான் பாறை, கடலையும் பூந்தியும் கனிமங்கள். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

உடனே உண்மையான கல்லுக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் மிக்சர் மட்டும்தான் நினைவில் நிற்கும். புதிதாக உடைந்த கிரானைட் ஜல்லி ஒன்றை எடுத்து நனைத்து, வெயிலில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடித் துண்டு போலச் சாம்பல் நிறத்தில் தெரிவது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, திருப்பும்போது தட்டையான முகம் பளிச்சிடுவது ஃபெல்ட்ஸ்பார். கறுப்பாகத் தகடு தகடாக மின்னுவது பயோட்டைட் என்ற மைக்கா வகை. ஊரில் காக்காப்பொன் என்பார்களே, அந்தக் குடும்பம்தான்.

சில பாறைகளில் ஒரே கனிமம்தான் இருக்கும். நல்ல சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ முழுவதும் கால்சைட். "வெறும் கடலை மட்டும் இருக்கிற பொட்டலமா?" என்று யாராவது கேட்டால் பாடம் புரிந்துவிட்டது.

இணையத்தில் சாக்லேட்டை உருக்கி, பிஸ்கட்டை நொறுக்கிப் பாறை செய்யும் செயல்பாடுகள் நிறையக் கிடைக்கின்றன. நம் ஊர் மே மாத வெயிலில் அவை எந்த வகைப் பாறையாகவும் ஆகாமல் கையில் வழியும். கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊரில் சாக்லேட் எதற்கு என்பது என் கட்சி.

எது கனிமம், எது இல்லை?

இயற்கையில் தானாக உருவாகியிருக்க வேண்டும். திடப்பொருளாக இருக்க வேண்டும். செடியோ விலங்கோ செய்ததாக இருக்கக் கூடாது. எங்கே எடுத்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றாகவும், அது ஒழுங்கான அடுக்காகவும் இருக்க வேண்டும். இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக மேசையில் வையுங்கள், சண்டை தானாக வரும்.

கல் உப்பு? கனிமம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மூலைகள் நேராக வெட்டியது போன்ற சின்னச் சின்னப் பெட்டிகள் தெரியும். கற்கண்டு? அதுவும் அழகான படிகம்தான், ஆனால் கரும்புச் சாற்றிலிருந்து வந்தது, கனிமம் இல்லை. செங்கல்? மனிதர் சுட்டது. முத்து? சிப்பி செய்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி? பூமிக்குள் கிடைக்கிறது, ஆனால் மட்கிய தாவரம். அதனால் கனிமக் கணக்கில் வராது, படிவுப் பாறையாகக் கொள்வார்கள். பனிக்கட்டி? இயற்கையாக உறைந்த பனி கனிமம்தான். இதைச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நம்ப வேண்டாம், நான்கு விதிகளையும் வைத்து அவர்களே சரிபார்க்கட்டும். குளிர்பதனப் பெட்டியில் செய்த ஐஸ் அப்போது என்ன கணக்கு என்று ஒருவராவது கேட்பார்.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட கனிமங்கள் சுமார் 6,000. குழந்தைகளுக்கு ஆறேழு தெரிந்தால் தாராளம்.

தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை: இதை எந்த வகுப்பில் சொல்வது?

மூன்றாம் வகுப்பு வரை வேண்டாம். நான்கு, ஐந்தில் சொல்லலாம், அதுவும் கையில் மூன்று கல் இருந்தால் மட்டும். உருகிய குழம்பு ஆறி இறுகியது கிரானைட். மணலும் சேறும் படிந்து அமுங்கியது மணற்கல். ஏற்கெனவே இருந்த பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறியது சலவைக்கல், அதாவது சுண்ணாம்புக்கல்லின் மாறிய வடிவம். பாறைச் சுழற்சி வட்டப்படத்தை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

படிவை மட்டும் செய்து காட்டிவிடலாம். அகன்ற கண்ணாடிப் புட்டியில் தோட்டத்து மண், மணல், சிறு சரளை போட்டு, முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்துவிடுங்கள். சரளை உடனே அடியில் போகும், மணல் அடுத்து. களிமண் அடங்க மறுநாள் ஆகும். ஆற்றின் வேகம் குறையும் இடத்தில் கனமானது முதலில் படிவதும் இப்படித்தான்.

என்னென்ன வாங்க வேண்டும்?

பூதக்கண்ணாடி ஒன்றிரண்டு, ஒரு காந்தம். மீதி வீட்டிலேயே இருக்கும்: இரும்பு ஆணி, செம்புக் கம்பித் துண்டு, எலுமிச்சை, பழைய பல் துலக்கும் பிரஷ், மெருகு பூசாத பின்பக்கம் உள்ள உடைந்த பீங்கான் டைல் ஒன்று. பெட்டியில் அடுக்கி விற்கும் கனிமத் தொகுப்புகளில் கல் சின்னதாக இருக்கும், அட்டையில் ஒட்டியிருக்கும், கீற விட மாட்டார்கள். காசு இருந்தால் அதில் இன்னும் இரண்டு பூதக்கண்ணாடி வாங்குங்கள்.

கீறல் சோதனையை எப்படிச் செய்வது? எங்கள் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விடை வருகிறது.

இது எல்லா வகுப்பிலும் நடப்பதுதான். ஃபிரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-இல் பத்துக் கனிமங்களை மென்மையிலிருந்து கடினம் வரை வரிசைப்படுத்தினார். 1 டால்க், 2 ஜிப்சம், 3 கால்சைட், 7 குவார்ட்ஸ், 9 குருந்தம், 10 வைரம் என்று போகும். கடினமானது மென்மையானதைக் கீறும், அவ்வளவுதான் விதி. அந்த வரிசையில் விரல் நகம் சுமார் 2.5, செம்புக் கம்பி 3-ஐ ஒட்டி, இரும்பு ஆணி 4-க்கும் 5-க்கும் இடையில், கண்ணாடி 5.5.

குழப்பம் மூன்று இடங்களில் வரும். முதலாவது, வெங்கச்சங்கல் (வெள்ளைக் குவார்ட்ஸ்) போன்ற கடினமான கல்லில் ஆணியை இழுத்தால் சாம்பல் கோடு விழும். பிள்ளை "கீறிடுச்சு" என்பாள். விழுந்தது ஆணியின் இரும்பு. ஈர விரலால் துடைத்தால் கோடு போய்விடும். துடைத்தும் பள்ளம் இருந்தால்தான் கீறல். இரண்டாவது, வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்லின் மேல்தோல் நைந்து மென்மையாகியிருக்கும். உடைந்த புது முகத்தில் சோதிக்க வேண்டும். மூன்றாவது, கிரானைட் போன்ற கலவைக் கல்லுக்கு ஒரே எண் கிடையாது. அதில் குவார்ட்ஸ் துகள் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, மைக்கா 3-ஐ ஒட்டி. ஆணி எங்கே பட்டதோ அதற்கேற்ற விடைதான் வரும். மோஸ் வரிசை கனிமத்துக்கானது. ஆகவே ஒரே கனிமமாக உள்ள கல்லைக் கொடுங்கள்.

நகத்தால் கீறப்படும் கல் ஒன்று வீட்டிலேயே இருக்கலாம். கல்சட்டி செய்யும் மாக்கல்லில் டால்க் நிறைய இருப்பதால்தான் அதைக் குடைந்து சட்டியாக்க முடிகிறது. சிலேட்டில் எழுதும் பலப்பமும் பெரும்பாலும் இந்தக் கல்தான். பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. சிவகங்கைப் பக்கம் கிராஃபைட் வெட்டி எடுக்கிறார்கள் என்று சொன்னால் அந்த மாவட்டப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

டைலின் பின்பக்கத்தில் கல்லைத் தேய்த்துப் பொடியின் நிறம் பார்ப்பதையும் இதே வகுப்பில் செய்துவிடலாம். காவிக்கல் செம்பழுப்புக் கோடு போடும். கறுப்பாகத் தெரியும் ஹெமடைட் என்ற இரும்புக் கனிமமும் அதே நிறக் கோடுதான் போடும். மேலே கறுப்பு, உள்ளே சிவப்பு என்பது குழந்தைகளுக்கு மாயாஜாலம் மாதிரி.

எலுமிச்சைச் சாறு ஊற்றினால் நுரைக்கும் என்றார்கள், எங்களுக்கு நுரைக்கவில்லையே?

சுண்ணாம்புக்கல், சலவைக்கல், கிளிஞ்சல் மூன்றிலும் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. அமிலம் பட்டால் கரியமில வாயு வெளியேறும், அதுதான் குமிழி. எலுமிச்சை வலுவில்லாத அமிலம் என்பதால் பெரிய நுரை வராது. ஆணியால் சுரண்டிக் கொஞ்சம் பொடியாக்கி அதன் மேல் சொட்டுங்கள், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வினிகரும் ஆகும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொடக்கப் பள்ளிக்குள் வரவே கூடாது, ஆசிரியர் கையில்கூட.

சேலம் சுண்ணாம்புக் குன்றுகளின் வெள்ளைக் கல், பெயரை நம்பினால் ஏமாற்றும். அது மாக்னசைட், எலுமிச்சைக்கு மசியாது. வீட்டு அலமாரித் தட்டுகளுக்குப் போடும் கறுப்புக் கடப்பா கல்லோ சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சை பிழிந்த இடத்தில் மங்கலாகத் தடம் விழுவது அதனால்தான். கோலப்பொடி, சாக்பீஸ் இரண்டையும் சோதிக்கக் கொடுங்கள். நம் ஊர் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்திலிருந்து வருவது, அது நுரைக்காது. சில தயாரிப்புகள் நுரைக்கும். விடை முன்கூட்டியே தெரியாத சோதனைதான் பிள்ளைகளுக்கு உண்மையான சோதனை.

மாணவர் கொண்டு வரும் கல்லின் பெயர் எனக்கே தெரியவில்லை. என்ன செய்வது?

பெயர் சொல்ல வேண்டாம். "கறுப்பு, கனம், காந்தம் ஒட்டுது, கோடு கறுப்பு" என்று எழுதி வையுங்கள். இந்த நான்கும் சேர்ந்தால் மாக்னடைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று பிறகு கண்டுபிடிக்கலாம். சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலையில் கிடைக்கும் இரும்புக் கல்லில் இருப்பது அதுதான். புவியியலாளர்களே பல கற்களை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பெயர் சொல்கிறார்கள்.

நகரத்தில் அடுக்குமாடியில் இருக்கிறோம். கல்லுக்கு எங்கே போவது?

கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஜல்லிக் குவியல், சமையலறை மேடை, அம்மி, கோயில் தூண். போதாதா? மேடைக்குப் போடும் கறுப்பு 'கிரானைட்' பெரும்பாலும் கிரானைட்டே இல்லை. டாலரைட் போன்ற வேறு தீப்பாறை, கடை வழக்கில் எல்லாமே கிரானைட். தரையில் பளபளக்கும் விட்ரிஃபைடு டைல் ஆலையில் சுட்டது. மீன் தொட்டிக் கடைக் கூழாங்கற்களில் நீலமும் பச்சையுமாக இருப்பவை சாயம் ஏற்றியவை, ஒருநாள் ஊற வைத்துப் பார்க்கலாம். ரயில் தண்டவாளத்துக் கல் வேண்டாம், கல்லுக்காக அங்கே இறங்கக் கூடாது.

முடிந்தால் அம்மி கொத்துபவர் ஒருவரைப் பள்ளிக்கு அழையுங்கள். எந்தக் கல் பொருபொருவென உதிரும், எது உளிக்கு நிற்கும், தட்டினால் எது கணீரென்று ஒலிக்கும் என்று அவர் பத்து நிமிடத்தில் காட்டுவதை எந்தப் பாடநூலிலும் படிக்க முடியாது.

எங்கள் ஊரில் கருங்கல்லே கிடையாது. அப்போது?

அதுவே நல்ல பாடம். தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் வயலில் ஒரு கல்லைத் தேடி எடுப்பது கடினம், ஏனென்றால் அது முழுக்கக் காவிரி கொண்டு வந்து கொட்டிய வண்டல். அப்படியானால் பெரிய கோயிலுக்கு இவ்வளவு கல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், வெளியிலிருந்து இழுத்து வந்ததுதான் என்று தாங்களே சொல்லிவிடுவார்கள்.

புதுக்கோட்டையில் துளைத் துளையான செம்புரைக்கல் இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக்கொள்ளும், பக்கத்திலேயே கருங்கல்லில் விட்டால் சொட்டு நிற்கும். தூத்துக்குடியில் உப்பளம், கன்னியாகுமரியில் கறுப்பும் சிவப்புமான கடற்கரை மணல். கறுப்பில் இல்மனைட், சிவப்பில் கார்னெட் என்ற கனிமங்கள். பூதக்கண்ணாடியில் அந்த மணல் நகைக்கடை மாதிரித்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் கதை தலைகீழ். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், கருங்கல்தான் அங்கே அபூர்வம். வேலியோரத்துக் கல்லிலும் எலுமிச்சைச் சோதனை பலிக்கும். மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்து உள்ளே இறங்கிவிடுவதால் அங்கே பெரிய ஆறு கிடையாது, கிணறுதான் எல்லாம். கீரிமலை ஊற்றும் நிலாவரைக் கிணறும் பிள்ளைகள் பார்த்த இடங்கள். அங்கேயிருந்தே தொடங்கலாம்.

"250 கோடி ஆண்டு" என்றால் குழந்தைக்கு என்ன புரியும்?

எண்ணாகச் சொன்னால் ஒன்றும் புரியாது, பெரியவர்களுக்கும்தான். ஒரு கயிறு எடுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஒரு கோடி ஆண்டு. பூமியின் வயது 454 கோடி, ஆகவே கயிறு நாலரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஒரு முனை இன்று. அங்கிருந்து 2 சென்டிமீட்டரில் திருவக்கரைக் கல்மரங்கள் (கல்லாக மாறிய மரங்கள்), 6.6 சென்டிமீட்டரில் டைனோசர்கள் அழிந்த காலம். இரண்டரை மீட்டரில், அதாவது அந்த 250 கோடி ஆண்டில், பரங்கிமலைப் பாறை. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயில் எங்கே? மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பென்சில் முனையே அதைவிடத் தடிமன். ஐந்தாம் வகுப்புக்கு இது நல்ல கணக்கும்கூட.

பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்பைத் தொடங்கிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை. அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். பல்லாவரத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர்க் கல் ஒரு கல்லறை வழியாக உலகப் பெயர் வாங்கியது பிடிக்கும்.

மரம் எப்படிக் கல்லானது என்று கேட்கிறார்கள்.

மணலுக்கும் சேற்றுக்கும் அடியில் காற்றுப் படாமல் புதைந்த மரம் அவ்வளவு சீக்கிரம் மட்காது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா மரத்தின் நுண்ணிய இடைவெளிகளில் புகுந்து படிந்து, மெல்ல மரப்பொருளின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. வடிவம் மரம், சரக்கு கல். விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையிலும், பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரிலும் பார்க்கலாம். சாத்தனூரில் கிடக்கும் அடிமரம் மட்டும் சுமார் 18 மீட்டர். இரண்டும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்கள், சிறு துண்டையும் எடுக்கக் கூடாது. இதைப் பேருந்தில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள், இறங்கும்போது ஒருமுறை பைகளையும் பாருங்கள்.

கல் வளருமா?

உயிருள்ளவை போல வளராது. ஆனால் படிகம் பெரிதாகும், மேலே மேலே படிந்து. படிகாரத்தைச் சூடான நீரில் கரையும் மட்டும் கரைத்து, நூலில் ஒரு சிறு படிகாரத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு அசைக்காமல் ஒரு வாரம் வைத்தால் தெரியும். வெந்நீர் வேலை பெரியவர்களுடையது.

"எங்க வயல்ல ஒவ்வொரு உழவுக்கும் புதுசா கல் வருதே" என்று ஒரு பிள்ளை கேட்கலாம். கல் முளைக்கவில்லை. மேல்மண் அடித்துப் போகிறது, கலப்பை அடியில் இருப்பதைக் கிளறுகிறது.

பாதுகாப்பு?

கல்லை உடைப்பது பெரியவர் வேலை. துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி உடைக்க வேண்டும். கல்லை மாவாக அரைப்பது, ஊதுவது வேண்டாம். குவார்ட்ஸ் தூசிதான் குவாரித் தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுப்பது. வாயில் வைக்கக் கூடாது, உப்பைத் தவிர. உப்பும் சமையலறையிலிருந்து வந்ததாக இருந்தால் மட்டும். கைவிடப்பட்ட குவாரிக் குட்டைப் பக்கம் எந்தக் காரணத்துக்கும் போக வேண்டாம். கரை செங்குத்து, ஆழம் தெரியாது.

வைரம், ராசிக்கல் என்று பேச்சு போகிறது. தடுக்க வேண்டுமா?

எதற்குத் தடுக்க? மாணிக்கமும் நீலமும் ஒரே குருந்தம். கொஞ்சம் குரோமியம் சேர்ந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். நவமணியில் முத்தும் பவளமும் உயிரினங்கள் செய்தவை என்று பிள்ளைகளே பிரித்துச் சொல்வார்கள். ராசி பலன் வீட்டு விஷயம், வகுப்பில் அதற்குள் போக வேண்டாம்.

வைரத்தை இன்னொரு வைரம்தான் கீறும், ஆனால் சுத்தியலால் அடித்தால் உடையும். கீறுவதும் உடைவதும் வேறு வேறு. நொய்யல் கரையில் கொடுமணலில் 2,000 ஆண்டுக்கு முன்பே பெரில் என்ற பச்சைக்கல்லையும் குவார்ட்ஸ் வகைப் படிகக்கல்லையும் மணியாக்கித் துளையிட்டிருக்கிறார்கள், அகழாய்வில் பாதி வேலை முடிந்த மணிகளும் கிடைத்தன. அவ்வளவு கடினமான கல்லில் எதை வைத்துத் துளை போட்டிருப்பார்கள் என்று மோஸ் வரிசையைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.

மதிப்பீடு எப்படி?

கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லாதீர்கள். பார்த்திராத ஒரு கல்லைக் கொடுத்து, அதைப் பற்றி மூன்று செய்திகளையும், ஒவ்வொன்றையும் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். "கனமா இருக்கு" என்றால் எதைவிட என்று கேட்கலாம்.

வகுப்பு முடிந்த பிறகு அந்தக் கற்களை என்ன செய்வது?

முட்டை அட்டையில் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: எங்கே கிடைத்தது, எந்த நாள், யார் எடுத்தது. இடம் தெரியாத கல்லால் படிப்புக்குப் பெரிதாகப் பயனில்லை. சென்னைக்குப் போகும் வாய்ப்பு வந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் புவியியல் கூடத்துக்கு அந்தச் சீட்டுகளோடு போங்கள். தங்கள் கல்லுக்கு ஒத்த கல்லைக் கண்ணாடிப் பெட்டிகளில் தேடும் பிள்ளைகளை வெளியே கிளப்புவதுதான் சிரமமாக இருக்கும்.